எதிரணி பெஞ்சுக்குப் பின்வரிசை

"வலிச்சா இடது கையைத் தூக்குங்க ஆன்ட்டி, நான் நிறுத்திடுவேன்" என்று சொல்லிவிட்டு டாக்டர் நரேந்திரன் ஊசியை இறக்கியபோது சாந்தாமணி கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் அவன் முகம் வந்துவிடும். திறந்து வைத்திருந்தும் வந்துதான் விட்டது. தலைக்குமேல் தொங்கிய வெள்ளை விளக்குக்கு நடுவில், டிவியில் பார்த்த அதே நீல பனியனும் புதிதாகக் குத்திய காதுக் கடுக்கனுமாகக் கவியரசு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தேனிப் பக்கத்துப் பையன். நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் நுழையத் தெரியாத உயரம். கோயம்புத்தூருக்கென்று நொய்யல் ராஜாளிகள் என்ற பெயரில் ஒரு பாஸ்கெட்பால் அணி இருப்பதே ஊரில் பாதிப்பேருக்குத் தெரியாத நாளில், அந்த அணிக்கு ஆட வந்து, மூன்று வருஷம் அவள் வீட்டு மாடியில் குடியிருந்து, அவள் கையால் சாப்பிட்டவன். போன மே மாதம் சென்னை அணிக்கு, அந்த மெரினா சுறாக்களுக்குத் தாவிவிட்டான். தாவட்டும். ஆட்டக்காரன் என்றால் நாலு இடம் போவான், வருவான். அதை அவள் அன்றைக்கே மன்னித்துவிட்டாள். இல்லை, மன்னிக்கவில்லை, ஆனால் அது ஒரு மூலையில் கிடந்து தானாகக் காய்ந்திருக்கும், ஜூன் மாதத்தில் அந்தப் பேட்டி வராமல் இருந்திருந்தால். கோயம்புத்தூர் எப்படி இருந்தது என்று பேட்டி எடுக்கிற பெண் மைக்கை நீட்டுகிறாள். இவன் சோபாவில் சாய்கிறான். "ஐயோ, அங்க எங்க ஹவுஸ் ஓனர் அக்கா ஒருத்தங்க. தட்டுல ரசத்தை ஊத்திக்கிட்டே ஃப்ரீ த்ரோ எப்படிப் போடணும்னு எனக்கு கிளாஸ் எடுப்பாங்க. கரண்டியை வேற இப்படித் தூக்கி..." மணிக்கட்டை மடக்கிக் காட்டுகிறான். அவள் மணிக்கட்டு. அவள் மடக்குகிற அதே மாதிரி. அந்தப் பெண் சிரித்தாள், பக்கத்திலிருந்த இன்னொரு ஆட்டக்காரன் சோபாவைத் தட்டிச் சிரித்தான், காமிராவுக்குப் பின்னால் முகம் தெரியாத யாரோகூடச் சிரித்தார்கள். கூடத்தில் இவள் புருஷன் ரங்கநாதனும் 'க்ளுக்'கென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, அவள் திரும்பியதும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

கீழுதட்டின் இடது பக்கம் மரத்துக்கொண்டு வந்தது. எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்து, பிறகு உதடே ஊதிப்போன மாதிரி, பிறகு யாருடைய உதடோ தன் முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி. கேலி பண்ணினதுகூடப் பெரிதில்லை, அவளே தன்னைக் கேலி பண்ணிக்கொள்வாள்தான், ஆனால் பெயரைச் சொல்லவில்லையே. ஹவுஸ் ஓனர் அக்கா. சாந்தாமணி அக்கா என்று வாயில் வரவில்லை. காலேஜ் அணியில் ஆடினவர் என்று வரவில்லை. அது அவனுக்குத் தெரியும். அந்தப் பழைய குரூப் போட்டோவை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தவன், "அக்கா, இது நீங்களா, ரெட்டைச் சடையோட!" என்று வாயைப் பிளந்தவன். அவள் சொல்லிக்கொடுத்து அவன் ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் தனியாக நின்று எறிகிற அந்த எறி, தேறியதா என்றால், தேறவில்லை, அது வேறு விஷயம். முட்டியை வளை, மூச்சை விடு, அப்புறம் கையை எடு என்றாள். முட்டியை வளைக்க மாட்டான். கம்பம் மாதிரி நின்றுகொண்டு எறிவான், வளையத்தில் பட்டு வெளியே துள்ளும், காலரியில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஜனமும் ச்சொ கொட்டும். சரி, இருக்கட்டும். ஜனவரியில் சீசன் தொடங்குகிறது. முதல் ஆட்டமே சுறாக்களோடு, இங்கே, கோயம்புத்தூரில். எதிரணி பெஞ்சுக்கு நேர் பின்னால் முதல் வரிசையில் அவள் சீட்டு வாங்கியாகிவிட்டது. சீசன் முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்து மாற்றார் முதுகைப் பார்க்க யாராவது ஆசைப்படுவார்களா என்று கவுண்டரில் இருந்தவன்கூடக் கேட்டான். அவளுக்கு ஒரே ஒரு முதுகைப் பார்த்தால் போதும். ராஜாளிகள் பதினைந்து புள்ளி முன்னால் போகிற நேரத்தில், அவன் களைத்துப்போய் வந்து துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருகிற நேரத்தில், அவள் மெல்லக் குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் ஒன்று சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்பதில்தான் நாலு மாதமாக இழுபறி. 'சென்னையில ரசம் கிடைக்குதா கண்ணு?' அது பொறாமைக்காரி சொல்கிற மாதிரி இருக்கிறது. 'முட்டியை வளைடா.' அது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் பாசம் வந்துவிடும், பாசம் வரக்கூடாது. 'யாருப்பா நீ?' ஆமாம், இது. யாருப்பா நீ, என்ன பேரு. இல்லை, அவன் திரும்பிப் பார்த்து 'அக்கா!' என்று எழுந்து நின்றுவிட்டால்? எழுந்து நின்றால் எல்லாம் கெட்டது.

"ஷீபா, சக்‌ஷன்" என்றார் டாக்டர். நர்ஸ் பெண் ஒரு வளைந்த குழாயை அவள் வாய் ஓரத்தில் மாட்டினாள். அது எச்சிலை உறிஞ்சிக்கொண்டே கொரகொரவென்று சத்தம் போட்டது. "கடைவாய்ப் பல்லு ரெண்டாப் பிளந்திருக்கு ஆன்ட்டி. ராத்திரியில பல்லை நறநறன்னு கடிக்கிற பழக்கம் இருக்கா? மனசுல ஏதாவது டென்ஷனா?" கேள்வி கேட்பதற்கென்றே வாயை அடைத்துவிட்டுக் கேட்கிறார். ஆன்ட்டியாம். முப்பத்தைந்து வயது ஆம்பிளைக்கு ஐம்பத்தொரு வயதுக்காரி ஆன்ட்டியா. "ஆ" என்றாள். "ஜூன்ல இருந்தே கடிக்கறாங்கன்னு அவங்க வீட்டுக்காரர் சொன்னாருங்க டாக்டர்" என்று ஷீபா எடுத்துக்கொடுத்தாள். ரங்கநாதன் இதை வேறு சொல்லிவிட்டாரா. வெளியே ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லியிருப்பார், என் சம்சாரம் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள், ஏதோ பந்து விளையாட்டாம், தோற்றுப் போய்விட்டதாம் என்று. சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். "அக்கா பாஸ்கெட்பாலு பைத்தியமுங்க. ராஜாளி ஆட்டம் ஒண்ணுகூட விடமாட்டாங்க" என்றாள் ஷீபா. டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் கண் பளபளத்தது. "ராஜாளியா! ஆன்ட்டி, நீங்களா? நான் அசல் மெட்ராஸ்காரன். சுறா ஃபேன். கல்யாணம் பண்ணித்தான் இந்த ஊர்ல மாட்டிக்கிட்டேன்." அப்புறம் இயந்திரத்தை முடுக்கினார்.

அந்தச் சத்தம் காதால் கேட்கிற சத்தமாக இல்லை, மண்டை ஓட்டுக்குள்ளேயே யாரோ ரம்பம் வைத்திருக்கிற மாதிரி இருந்தது. தண்ணீர்த் துளி கன்னத்தில் தெறித்தது. ஏதோ தீய்கிற வாடை, தன் பல்தான் தீய்கிறது என்று தெரிந்ததும் கால்விரல்கள் செருப்பில்லாத பாதத்தில் இறுகிக்கொண்டன. வலிக்கவில்லை. வலி வரப்போகிறது என்ற நினைப்புதான் வலியைவிட மோசம். சுறா ஃபேனாம். போன சீசனில் அந்தச் சுறாக்கள் ராஜாளிகளைப் பந்தாடியது அவளுக்குத் தெரியாதா. கடைசி இடம். அதற்கு முந்தின சீசனும் கடைசி இடம். அதற்கு முந்தினதில் கடைசிக்கு முந்தின இடம், அதுவும் ஓர் அணி பாதியில் விலகிப்போனதால். ஒவ்வொரு வருஷமும் அவள் அடுத்த வருஷம் பாருங்கள் என்பாள், "போன வருஷமும் இதைத்தான் சொன்னே" என்பார் ரங்கநாதன். அடுத்த வருஷம். அந்த வார்த்தையை அவளுக்கு முதன்முதலில் சொன்னது அப்பாதான். காலேஜ் இரண்டாம் வருஷம், மண்டல இறுதி ஆட்டம், சேலத்தில். அதே தேதிக்கு அவளுக்கு நிச்சயம் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பொண்ணு டிரவுசர் போட்டுக்கொண்டு சேலத்தில் நிற்பதா என்றாள் அம்மா. அப்பா அப்படியெல்லாம் கத்தவில்லை, தலையைத் தடவி, "இந்த வருஷம் போனாப் போகுது கண்ணு, அடுத்த வருஷம் ஆடிக்கலாம்" என்றார். நல்ல மனுஷன். நம்பிச் சொன்னார் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. அவள் பட்டுப்புடவையில் தட்டோடு நின்றபோது சேலத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள். கடைசி நிமிஷத்தில் இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்ததாம், அவளுக்குப் பதிலாக ஆடினவள் இரண்டையும் விட்டுவிட்டாளாம். அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் முப்பத்திரண்டு வருஷமாக அவள் போட்டுக்கொண்டிருக்கிறாள். துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, பம்புசெட் கம்பெனி ஆபீசில் பில் போட்டுவிட்டுக் கையை உதறும்போது. ஒருமுறைகூடத் தவறினதில்லை. அதை அந்தப் பயலிடம் சொல்லியிருந்தாள். அதைச் சொன்ன மனுஷியைத்தான் கரண்டிக்காரியாக்கினான்.

"கொஞ்சம் அப்படியே இருங்க" என்று டாக்டர் ஊசி மாதிரி ஒன்றை எடுத்துத் திருகித் திருகி உள்ளே விட்டார். வேர் எங்கே முடிகிறது என்று தேடுகிறாராம். அவள் விளக்கைப் பார்த்தாள். அங்கே ஸ்டேடியம் நிரம்பிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை சும்மா சொல்லவில்லை, இந்தத் தடவை நிஜமாகவே ஆள் இருக்கிறது. லூதியானாவிலிருந்து ஹர்கீரத் என்று ஒரு சர்தார் பையன் வந்திருக்கிறான். பயிற்சி நடக்கும்போது கேட் கம்பி வழியாகப் பார்த்தாள், கையை உயர்த்தினால் வளையம் அவன் மணிக்கட்டுக்கு வருகிறது. கவியரசு எகிறி எகிறிப் பிடிக்கிற பந்தை அவன் அலமாரியிலிருந்து டப்பா எடுக்கிற மாதிரி எடுக்கிறான். தூத்துக்குடியிலிருந்து ஜெபஸ்டின் என்று ஒரு குள்ளப் பையன், பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது. புது கோச் விசிலே ஊதுவதில்லை, ஒருமுறை முறைக்கிறார், எல்லாரும் திரும்ப முதலிலிருந்து ஓடுகிறார்கள். எங்கே போவார்கள் சுறாக்கள். முதல் கால் மணி நேரத்தில் அவர்கள் முன்னால் போகட்டும், போக விட வேண்டும், கவியரசு காலரியைப் பார்த்துக் கையைத் தட்டச் சொல்லிச் சைகை காட்டுவான், காட்டட்டும். அப்புறம் ஹர்கீரத் அவன் எறிகிற பந்தை முகத்துக்கு நேராக அறைந்து தள்ள வேண்டும். ஒருமுறை. இன்னொருமுறை. மூன்றாம் முறை அவனுக்கு எறியவே பயம் வர வேண்டும். கடைசியில், ஆமாம், கடைசியில் அவனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைக்க வேண்டும், ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது. ஸ்டேடியமே எழுந்து நிற்க வேண்டும். அவன் கம்பம் மாதிரி நின்று எறிவான். வளையம். வெளியே. மறுபடி கம்பம். வெளியே. அப்போது அவன் திரும்பி பெஞ்சுக்குப் பின்னால் பார்ப்பான். அவள் எச்சில் விழுங்கப் பார்த்தாள், முடியவில்லை, குழாய் கொரகொரத்தது. எவ்வளவு இனிப்பாக இருக்கிறது, வாயெல்லாம் மருந்தும் கிராம்புமாகக் கசந்தாலும்.

"ஆனா இந்த வருஷம் உங்களுக்கு லக்குதான் ஆன்ட்டி" என்றார் டாக்டர், வேரிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையில நியூஸ் பார்த்தீங்களா? கவியரசு பிராக்டீஸ்ல விழுந்துட்டான். முட்டி லிகமென்ட் கிழிஞ்சு போச்சாம். ஆபரேஷன். இந்த சீசன் ஃபுல்லா அவுட். அவன் இல்லாட்டி எங்களை நீங்க ஜெயிச்சாலும் ஜெயிச்சிடுவீங்க." சாந்தாமணியின் இடது கை தானாக மேலே போனது. "வலிக்குதா? ஷீபா, இன்னொண்ணு லோட் பண்ணு" என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு இன்னொரு ஊசியை இறக்கினார். வேண்டாம், வேண்டாம் என்றாள், "ஆ, ஆ" என்றுதான் வந்தது, "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று அவர் தோளைத் தட்டினார். முட்டி. எந்த முட்டி. வலதா, இடதா, எகிறுவது இடது காலில்தான். அவன் இல்லாமல் ஜெயித்தால் அது என்ன ஜெயிப்பு. ஊரே இதைத்தான் சொல்லும், இந்தப் பல் டாக்டர் சொல்கிற மாதிரி, லக்கு என்று. அவள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்து யார் முதுகைப் பார்ப்பது. ஏமாற்றிவிட்டான், மறுபடியும் ஏமாற்றிவிட்டான், படுபாவி, போகிறபோதும் ஏமாற்றிப் போனான், தோற்க வேண்டிய நேரத்திலும் வராமல் ஏமாற்றுகிறான்.

அப்புறம்தான் அந்த நினைப்பு வந்தது, வந்து நின்றுவிட்டது. பேட்டி வந்த வாரம் வெள்ளிக்கிழமை கோனியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். என்ன வேண்டினாள்? அவன் தோற்க வேண்டும் என்றாள். அவ்வளவுதானே? அவ்வளவுதான். இல்லை, இன்னும் ஏதோ சொன்னாள். நம்ம ஊருக்கு வந்து தோற்க வேண்டும், எல்லோரும் பார்க்கத் தோற்க வேண்டும். அப்புறம்? வரிசை நகர்ந்துகொண்டிருந்தது, பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள், பூசாரி குங்குமத்தை நீட்டினார், அந்த நேரத்தில் மனசுக்குள் ஏதோ ஓடியது. அவன் எகிறி விழ வேண்டும் என்றா? முகம் குப்புற விழட்டும் என்றா? பேச்சுக்குச் சொல்கிற விழுதல்தானே அது, நிஜமான விழுதலா. அம்மனுக்கு அந்த வித்தியாசம் தெரியாமலா இருக்கும். மூன்று வருஷமும் அவன் ஆட்டத்துக்குப் புறப்படும்போது படியில் பார்த்து இறங்குடா என்று மாடிக்குக் குரல் கொடுத்தவள் அவள். அதே வாய். அந்த வாயைத்தான் இப்போது குடைந்துகொண்டிருக்கிறார்கள். சீ, சம்பந்தமில்லாமல் முடிச்சுப் போடுகிறேன், பல் பிளந்தது பல்லைக் கடித்ததால், முட்டி கிழிந்தது முட்டியை வளைக்காமல் எகிறுவதால், எத்தனை தடவை சொன்னேன். யாராவது இப்போது அவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவி அடுத்த வருஷம் ஆடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நல்ல மனசோடு சொல்வார்கள். அப்படிச் சொல்கிறபோது உள்ளே என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வார்த்தையைக் கேட்கிற ஒருத்தனை எப்படிப் பழிவாங்குவது. அவள் கண்ணிலிருந்து ஒன்று வழிந்து காதுக்குள் போனது. "அவ்வளவுதான் ஆன்ட்டி, ஓவர், ஓவர்" என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. மருந்துக்கடை வாசலில் நின்று, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, போனில் அவன் எண்ணைத் தேடினாள். ஜூனில் அழித்துவிட்டதாக நினைத்தாள். அழிக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். "அக்கா?" என்றான். குரல் கம்மியிருந்தது. எந்தக் காலு என்று கேட்க வாயெடுத்தாள். நாக்கில் பாதியும் உதட்டில் பாதியும் செத்துக் கிடந்ததால் வார்த்தை கஞ்சி மாதிரி கொழகொழவென்று வந்தது. "அக்கா, அழாதீங்கக்கா. ஒண்ணுமில்லைக்கா. ஆபரேஷன் பண்ணினாச் சரியாயிரும்னு சொல்லிட்டாங்க. நீங்க அழாதீங்க." சாந்தாமணிக்குச் சுருக்கென்றது. நான் எங்கேடா அழுதேன்! "அழுவுல" என்றாள், அது "அவுவுவ" என்று வந்தது. "ஊசிடா, பல்லுக்கு ஊசி" என்றாள், அது விம்மல் மாதிரியே கேட்டது. நாலு மாதமாகத் தீட்டித் தீட்டி வைத்தவள் கடைசியில் அவன் காதில் அழுதுகொண்டு நிற்கிறாள். இதைவிடத் தோல்வி உண்டா. மருந்துக்கடைக்காரர் இரக்கமாகப் பார்த்து ஒரு ஸ்டூலை எடுத்து வெளியே போட்டார். அவள் உட்காரவில்லை.

"அக்கா" என்றான் அவன், குரலை இன்னும் தாழ்த்தி. "நீங்க எப்படியும் பேச மாட்டீங்கன்னு நெனச்சேன். அந்தப் பேட்டியில நான் பேசினது... எல்லாரும் சிரிச்சாங்க, அந்த ஜோருல நானும் என்னென்னவோ... அது தப்புக்கா, நான்..." மன்னிப்புக் கேட்கப் போகிறான். இப்போது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்துவிட்டால் அப்புறம் அவளிடம் என்ன இருக்கிறது. "நிறுத்து!" என்றாள். அது மட்டும் எப்படியோ தெளிவாக வந்துவிட்டது. வலது பக்கத்து வாயால் ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்துத் தள்ளினாள். "இப்பச் சொல்லாதே. முட்டி சரியாகட்டும். நல்ல காலோட இங்க வா. வந்து எங்ககிட்டத் தோத்துப் போ. தோத்துட்டு அப்பறமா எங்கிட்ட வந்து சொல்லு. அப்பக் கேட்டுக்கறேன்." "என்னக்கா? சரியாக் கேக்கலை" என்றான். ரோடு என்றும் பாராமல் அவள் கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள், நல்ல காலோடு வா, தோற்றுப் போ, அப்புறம் சொல்லு.

அந்தப் பக்கம் யாரோ ட்ராலி தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு, பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. "உங்ககிட்டயா? ராஜாளிகிட்ட நாங்க தோக்கறதா?" என்றான். கம்மல் எங்கேயோ போய்விட்டிருந்தது. "அக்கா, மூணு வருஷம் நானே அங்க ஆடினவன். எனக்குத் தெரியாதா உங்க டீம் லட்சணம். அந்த சர்தாரு உசரமா இருக்கான், சரி. ஓடத் தெரியுமா அவனுக்கு? நான் ஒத்தைக் காலோட வந்தாலும் இருபது பாயிண்ட் அடிப்பேன், வேணும்னா எழுதி வெச்சுக்குங்க." சாந்தாமணியின் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. காலையிலிருந்து தேடியது கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முட்டிதான் கிழிந்திருக்கிறது. திமிரில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "வைடா போனை" என்றாள். வைத்துவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வெளியே போட்டிருந்த ஸ்டூலை எடுத்து மருந்துக்கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். எதிரில் வந்த பெண்ணொருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்று ஒதுங்கினாள். உதட்டின் ஒரு பாதி அசையாமல் கிடக்க, மறுபாதி மட்டும் காது வரைக்கும் போயிருந்தது.